அணைத்து வைத்த விளக்கு

அன்புள்ள யாழினிக்கு,

கீழ்த்தாடையில் வலப்புற ஞானப்பல் சாய்ந்து படுத்துக் கிடக்கிறது, அடுத்த மாதம் எடுக்கப்போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். பல் எடுத்த பிறகு சில நாள் லேசர் ஒளி வைத்துக்கொண்டால் வலியும் வீக்கமும் சீக்கிரம் அடங்கும், அதற்குத் தனிக் கட்டணம் என்றார்களாம். வைத்துக்கொள்ளலாமா, சும்மா பணம் பிடுங்கும் வேலையா என்று கேட்டிருக்கிறாய். நீ கொடுத்த இரண்டு விடையும் எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த ஒளி உடம்பில் ஏதோ செய்கிறது என்பதை நம்பக் காரணம் இருக்கிறது. ஆனால் ஞானப்பல் புண்ணுக்கு அது செய்யும் உபகாரம், இதுவரை அளந்து பார்த்த வரையில், சிறியது. நிச்சயமாகச் சொல்லக்கூடியதும் இல்லை. இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்தப் பல்லோடு உன் மருத்துவம் முடிந்துவிடாது. இப்படி எத்தனையோ கருவிகளை உன் முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள், அப்போதும் இதே கணக்கைத்தான் நீ போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

முதலில் புண்ணைப் பார்ப்போம். ஞானப்பல் பெரும்பாலும் 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் முளைக்கும். தாடையில் இடம் இல்லாவிட்டால் எலும்புக்குள்ளேயே சாய்ந்து நின்றுவிடும். அதை எடுக்க ஈறைக் கீறி, சுற்றியுள்ள எலும்பைக் கொஞ்சம் அரைத்து, சில சமயம் பல்லையே துண்டாக்கி வெளியே எடுக்கிறார்கள். மிச்சம் இருப்பது ஒரு குழி. அந்தக் குழியில் இரத்தம் உறைந்து ஒரு கட்டியாக நிற்கும். புண் ஆறும் வேலை முழுவதும் அந்தக் கட்டியின் மேல்தான் நடக்கிறது. கன்னம் வீங்குவது உடம்பு பழுதுபார்க்க ஆள் அனுப்பியதன் அடையாளம். அந்த வீக்கம் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ உச்சத்துக்குப் போய், பிறகு தானே வடியும். மெல்லும் தசைகள் பக்கத்திலேயே இருப்பதால் அவையும் இறுகிக்கொள்ளும், வாய் பாதிகூடத் திறக்காது. நல்ல நிலையில் நம் வாய் 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை திறக்கும். உன் கையின் மூன்று விரல்களைச் சேர்த்து, செங்குத்தாக முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பார், ஏறத்தாழ அதுதான் அளவு. அறுவைக்கு முன் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள், பிறகு உதவும். இந்தப் புண் யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் தானே ஆறிவிடும் என்பதை மட்டும் நினைவில் வை. பின்னால் வரப்போகும் குழப்பம் எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கிறது.

இனி ஒளி. ஒளியால் நோயைக் குணப்படுத்துவது மந்திர வேலை அல்ல. தோலில் வரும் காசநோய்க்கு ஒளிச் சிகிச்சை கண்டதற்காக டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சென் 1903-இல் நோபல் பரிசு பெற்றார். மஞ்சள் காமாலை வந்த பச்சிளங் குழந்தையை நீல விளக்கின் கீழ் கண்ணைக் கட்டிப் படுக்க வைத்திருப்பதை நீயே பார்த்திருப்பாய். இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில் ஒரு மருத்துவமனையில், வெயில் பட்ட குழந்தைகளுக்கு மஞ்சள் குறைவதைச் செவிலியர் ஒருவர் கவனித்துச் சொல்ல, 1958-இல் அது சிகிச்சையாக வெளியானது. உனக்குச் சொன்ன ஒளி வேறு வகை. சிவப்பும், கண்ணுக்குத் தெரியாத அதற்கடுத்த அகச்சிவப்பும் அது. ஏன் சிவப்பு என்பதை இன்று இரவே வீட்டில் பார்த்துவிடலாம். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுக் கைப்பேசியின் டார்ச்சை விரல் நுனியால் இறுக மூடிப் பார். உள்ளே போவது வெள்ளை ஒளி, விரலின் மறுபக்கம் வருவது செக்கச் சிவந்த ஒளி. நீலத்தையும் பச்சையையும் இரத்தம் உறிஞ்சிக்கொள்கிறது, சிவப்பு மட்டும் தசையைத் துளைத்துக்கொண்டு வருகிறது. வந்த ஒளி விரல் முழுக்கப் பரவி மங்கலாக இருப்பதையும் பார்த்துக்கொள். உள்ளே போகப்போக ஒளி சிதறித் தேய்ந்துவிடும். மெல்லிய விரலுக்கே இப்படி என்றால், வீங்கிய கன்னத்தின் வழியே தாடைத் தசைக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பது நியாயமான கேள்வி.

இந்தச் சிகிச்சையின் பிறப்புக் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1960-இல் தியோடர் மைமன் முதல் லேசரை உருவாக்கினார். சில ஆண்டுகள் கழித்து புடாபெஸ்டில் என்ட்ரே மெஸ்டர் என்ற அறுவை மருத்துவர், லேசரால் புற்றுக்கட்டியை அழிக்க முடியுமா என்று எலிகளில் பார்த்தார். அவரிடம் இருந்த ரூபி லேசருக்கு அந்த வலு இல்லை, கட்டி அப்படியே நின்றது. ஆனால் மயிர் மழித்த முதுகில் ஒளி பட்ட எலிகளுக்கு முடி வேகமாக வளர்ந்தது. 1967-இல் இதை அவர் வெளியிட்டார், பிறகு ஆறாத புண்களில் அந்த ஒளியை வைத்துப் பார்க்கத் தொடங்கினார். இன்று சொல்லப்படும் முக்கிய விளக்கம் இது: நம் உயிரணுவில் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்ஸிடேஸ் என்றொரு நொதி உண்டு, சிவப்பும் அகச்சிவப்பும் அதன்மேல் பட்டால் அது சுறுசுறுப்பாகி, உயிரணுவுக்கு ஆற்றல் கூடுதலாகக் கிடைக்கிறது. வெட்டவும் சுடவும் பயன்படும் அறுவை லேசரோடு இதைக் குழப்பிக்கொள்ளாதே. இந்த ஒளி தோலில் பட்டால் சூடுகூடப் பெரிதாகத் தெரியாது.

ஆக, உள்ளே ஏதோ நடக்கிறது என்பதற்கு ஆய்வுக்கூடத்தில் சான்று இருக்கிறது. விளம்பரத் தாளில் மைட்டோகாண்ட்ரியா படத்தைப் போட்டு, அம்புக்குறி வரைந்து, கடைசி அம்பின் முனையில் 'வலி குறைகிறது' என்று எழுதிவிடுகிறார்கள். நீ கேள்வி கேட்க வேண்டிய இடம் அந்தக் கடைசி அம்பு. தட்டில் வளர்க்கும் உயிரணு சுறுசுறுப்பாவது ஒரு சங்கதி, நான்காம் நாள் காலையில் நீ வாய் திறந்து இட்லி சாப்பிடுவது வேறொரு சங்கதி. இரண்டுக்கும் நடுவே நூறு படிகள் உண்டு. காமாலை விளக்கை நம்புகிறோம் என்றால், அது செயல்படும் விதம் புரிந்ததால் மட்டும் அல்ல. விளக்கின் கீழ் வைத்த குழந்தையின் இரத்தத்தில் மஞ்சளுக்குக் காரணமான பிலிரூபின் இறங்குவதை ஊசி குத்தி எடுத்து எண்ணாகப் பார்க்க முடிகிறது. ஞானப்பல் புண்ணில் அப்படி ஓர் எண் சுலபமாகக் கிடைப்பதில்லை. வலியை எவ்வளவு என்று நீதான் சொல்ல வேண்டும். வீக்கமோ லேசர் வைத்தாலும் வைக்காவிட்டாலும் மூன்றாம் நாளுக்குப் பிறகு வடியத்தான் போகிறது. ஐந்து நாள் லேசர் வைத்துக்கொண்டவர், ஆறாம் நாள் 'எவ்வளவு நன்றாக இருக்கிறது!' என்று சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த நன்மை யாரால் வந்தது என்பதுதான் அவருக்குத் தெரிய வழியில்லை.

தெரிந்துகொள்ள ஒரே வழி, இருவருக்கும் ஒரே மாதிரி பல் எடுத்து, ஒருவருக்கு லேசரை இயக்கியும் மற்றவருக்கு அதே கருவியை அணைத்தும் வைத்துப் பார்ப்பது. யாருக்கு எது என்று வைத்துக்கொள்பவருக்கும் தெரியக்கூடாது, வைப்பவருக்கும் தெரியக்கூடாது. இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று உனக்குத் தோன்றலாம். இதே ஞானப்பல் அறுவையில் நடந்த இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். வாஷிங்டன் பக்கத்தில் கிரேஸ்லி என்பவரும் குழுவினரும் செய்து 1985-இல் வெளியிட்டது ஒன்று. ஞானப்பல் எடுத்தவர்களுக்கு வெறும் உப்புநீர் ஊசி போட்டார்கள். ஊசி போட்ட மருத்துவர்களுக்கு ஒரு கட்டத்தில், உண்மையான வலிநிவாரணி தரப்பட வாய்ப்பே இல்லை என்று தெரியும். மற்றொரு கட்டத்தில், வாய்ப்பு உண்டு என்று தெரியும். நோயாளிகளிடம் இரு கட்டத்திலும் சொன்னது ஒன்றே. ஆனால் மருத்துவர் மனத்தில் 'இது மருந்தாக இருக்கலாம்' என்ற எண்ணம் இருந்தபோது, அதே உப்புநீர் வாங்கியவர்களுக்கு வலி இறங்கியது. அந்த எண்ணம் இல்லாதபோது இறங்கவில்லை. வாய்விட்டு ஒரு சொல் சொல்லவில்லை, முகத்திலோ கையிலோ ஏதோ தெரிந்திருக்கிறது.

மற்றது இங்கிலாந்தில் 1986-இலும் 1988-இலும் வெளியானது. ஞானப்பல் எடுத்தவர்களின் கன்னத்தில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துத் தடவினால் வீக்கம் குறைகிறதா என்று பார்த்தார்கள். குறைந்தது. ஆனால் கருவியை அணைத்து வைத்துத் தடவியபோதும் குறைந்தது! வலி மட்டும் குறைந்திருந்தால் மனம் சார்ந்தது என்று சொல்லிவிடலாம். இங்கே அளவெடுத்துப் பார்த்த கன்ன வீக்கம் குறைந்தது, வாய் கூடுதலாகத் திறந்தது. தடவுவதால்தான் வந்ததோ என்று, நோயாளிகளையே தங்கள் கன்னத்தைத் தடவிக்கொள்ளச் சொன்னார்கள். அதில் அந்தப் பயன் வரவில்லை. கருவியும், அதை வைக்கும் ஆளும், 'எனக்குச் சிகிச்சை நடக்கிறது' என்ற நம்பிக்கையும் சேர்ந்து செய்த வேலை அது. இந்த ஆய்வைத் தெரிந்துகொண்ட பிறகு, 'எங்களிடம் லேசர் வைத்தவர்களுக்கெல்லாம் நல்ல பலன்' என்ற பேச்சை என்னால் சான்றாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அணைத்து வைத்த கருவிக்கும் அதே பலன் வரும் நோய் இது.

சரி, அணைத்த கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? ஆய்வுகள் பல உண்டு, பெரும்பாலும் சில பத்துப் பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுகள். 2012-இல் அவற்றை ஒன்று சேர்த்து அலசிய ஒரு தொகுப்பாய்வு, வலியிலும் வீக்கத்திலும் லேசரால் பயன் தெரியவில்லை என்றது. வாய் திறப்பதில் மட்டும் லேசர் வைத்தவர்கள் சராசரியாக 4 முதல் 5 மில்லிமீட்டர் கூடுதலாகத் திறந்தார்கள். அது எவ்வளவு என்றால், ஒரு ரூபாய் நாணயம் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார், ஏறத்தாழ அந்த உயரம். வாய் திறக்க முடியாமல் தவிக்கும்போது அது ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு தேக்கரண்டி சுலபமாக உள்ளே போகும். ஆனால் உன்னிடம் சொன்ன 'வலியும் வீக்கமும் சீக்கிரம் அடங்கும்' என்பது அது அல்ல. பின்னால் வந்த தொகுப்பாய்வுகளில் சில, முதல் சில நாட்களில் வலியிலும் வீக்கத்திலும்கூடச் சிறு நன்மை தெரிகிறது என்கின்றன. அவையும், ஆய்வுகளின் தரம் போதவில்லை, ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை என்ற எச்சரிக்கையைச் சேர்த்தே சொல்கின்றன.

லேசர் வைப்பவர்கள் இதற்கு ஒரு மறுப்புச் சொல்வார்கள், அதில் நியாயம் இருக்கிறது. 'அந்த ஆய்வுகளில் அளவு சரியில்லை' என்பார்கள். ஒளியும் மருந்துபோல அளவு பார்த்துத் தரவேண்டியதுதான். 100 மில்லிவாட் கருவியை ஓரிடத்தில் 40 நொடி வைத்தால் 4 ஜூல் ஆற்றல் போகும். அதே 4 ஜூல் அரை சதுர சென்டிமீட்டரில் விழுந்தால் ஒரு கணக்கு, இரண்டு சதுர சென்டிமீட்டரில் பரவினால் அதில் கால் பங்கு அடர்த்திதான். 660 நானோமீட்டர் ஒளி அவ்வளவு ஆழம் போகாது, 810 இன்னும் ஆழம் போகும். குறைத்து வைத்தால் பலன் இல்லை, ஒரு வரம்புக்கு மேல் வைத்தாலும் பலன் குறைகிறது என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். உப்புப் போல என்று வைத்துக்கொள். ஆய்வுகளிலோ ஒருவர் வாய்க்குள் வைக்கிறார், ஒருவர் கன்னத்தின் மேல் வைக்கிறார், ஒருவர் ஒரு நாளோடு நிறுத்துகிறார், ஒருவர் ஒரு வாரம் வைக்கிறார். இவற்றையெல்லாம் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கிளறிச் சராசரி எடுத்தால், நல்ல அளவின் பலன் அதில் கரைந்து போயிருக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த வாதம் இரு பக்கமும் கூர் உள்ள கத்தி. பலன் வராத ஆய்வு ஒவ்வொன்றையும் 'அளவு தப்பு' என்று தள்ளிக்கொண்டே போனால், எந்த ஆய்வாலும் தோற்கடிக்க முடியாத சிகிச்சையாக அது மாறிவிடும். சரியான அளவு எது என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, பெரிய எண்ணிக்கையில் ஆட்களை வைத்துப் பார்த்துக் காட்ட வேண்டும். அதுவரை, சரியான அளவு இன்னதென்று அவர்களுக்கே உறுதியாகத் தெரியாத ஒன்றுக்குத்தான் உன்னிடம் கட்டணம் கேட்கிறார்கள்.

'நம்பிக்கையால் வந்தாலும் நன்மை நன்மைதானே' என்று உன் அம்மா கேட்கக்கூடும். வலியில் இருப்பவருக்கு வரும் நிம்மதியை நானும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்த நிம்மதிக்குக் கருவி தேவையில்லை. என்ன நடக்கும், எந்த நாளில் வலி கூடும், எப்போது குறையும் என்று மருத்துவர் பத்து நிமிடம் உட்கார்ந்து விளக்கினாலும், மறுநாள் அழைத்து 'எப்படி இருக்கிறாய்' என்று கேட்டாலும் மனம் தெளியும். 'கெடுதல் இல்லையே, வைத்துவிட்டுப் போகலாமே' என்பது இன்னொரு பேச்சு. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டால் பெரிய கெடுதல் இல்லை என்பது உண்மை. அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால் கண் தானாக மூடிக்கொள்ளாது, கண்ணாடி கட்டாயம். எனக்குள்ள கவலை பணத்தையும் கவனத்தையும் பற்றியது. வீங்கிய முகத்தோடு தினமும் ஆட்டோவில் போய் வர வேண்டும். லேசர் வைத்திருக்கிறோமே என்ற தைரியத்தில் மாத்திரையை விட்டுவிடுவோரும் இருப்பார்கள்.

'வீக்கத்துக்கு வைக்கச் சொல்லும் ஐஸ் ஒத்தடத்துக்கு மட்டும் இவ்வளவு சான்று இருக்கிறதா' என்று நீ கேட்டால், நல்ல கேள்வி. ஐஸுக்கும் சான்று கலவையாகத்தான் இருக்கிறது. செலவில்லாதது, வீட்டில் இருப்பது, மரத்துப்போவதால் அந்த நேரத்துக்கு இதமாக இருப்பது என்பதால் அதை விட்டுவைக்கிறேன். குறைந்த செலவுக்குக் குறைந்த சான்று போதும், கட்டணம் ஏற ஏறச் சான்றும் ஏற வேண்டும். உறுதியான சான்று உள்ளவையும் இருக்கின்றன. கீழ் ஞானப்பல் எடுத்த பிறகு வரும் வலிக்கு 400 மில்லிகிராம் ஐபுப்ரூஃபன், 1000 மில்லிகிராம் பாராசிட்டமாலைவிட நன்றாகக் கேட்கிறது என்று 2013-இல் வந்த காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு காட்டியது. வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் அது ஆகாது, அதனால் மருத்துவரைக் கேட்டே எடு. அறுவையின்போது டெக்சாமெத்தசோன் என்ற மருந்து தருவது வீக்கத்தையும் தாடை இறுக்கத்தையும் குறைப்பதற்கும் சான்று வலுவாக இருக்கிறது. குழி காய்ந்து எலும்பு தெரியும் டிரை சாக்கெட் தொல்லையைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் கொப்பளிப்பது குறைக்கிறது. இவையெல்லாம் பளபளப்பில்லாத பழைய சங்கதிகள் என்பதால் யாரும் விளம்பரம் செய்வதில்லை.

இவ்வளவு சொன்னதால் ஒளியின்மேல் எனக்குப் பகை என்று நினைத்துவிடாதே. கழுத்து, தலைப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு வாங்குபவர்களுக்கு வாய் முழுவதும் வெந்து புண்ணாகி, தண்ணீர்கூட விழுங்க முடியாமல் போகும். அந்த வாய்ப்புண்ணைத் தடுக்க இதே சிவப்பு ஒளி உதவுகிறது. 2018-இல் சிகிச்சைகளின் சான்றை மதிப்பிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு அதற்குச் சான்று போதுமானது என்று ஏற்றது. 2020-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் எந்த நோயாளிக்கு, எந்த அலைநீளத்தில், எவ்வளவு ஆற்றல் என்று வரையறுத்தே பரிந்துரைத்தது. அங்கே அளவை எழுதி வைத்துச் சோதித்தார்கள், பலன் வந்தது. வாய்ப் புற்றுநோய் மிகுந்த நம் நாட்டில் அந்த ஒளி போய்ச் சேரவேண்டிய வார்டுகள் ஏராளம். பல் எடுத்த கல்லூரிப் பிள்ளைகளைவிட அவர்களுக்கு அது முதலில் கிடைக்கட்டும் என்பது என் ஆசை.

நீ மருத்துவரிடம் பணிவாகக் கேட்க வேண்டியவை சில: எத்தனை நானோமீட்டர், ஓரிடத்துக்கு எத்தனை ஜூல், வாய்க்குள்ளா வெளியிலா, எத்தனை நாள், இந்த அளவு எந்த ஆய்விலிருந்து எடுத்தது? தெளிவாகப் பதில் வந்து, கட்டணமும் உனக்குப் பாரமில்லை என்றால், வாய் கொஞ்சம் கூடுதலாகத் திறக்கும் என்ற அளவான எதிர்பார்ப்போடு வைத்துக்கொள், நான் தடுக்கமாட்டேன். பதில் வராவிட்டால் அந்தப் பணத்தை வைத்துக்கொள். எப்படியானாலும் அந்த இரத்தக் கட்டியைக் காப்பாற்று. கடித்துக்கொள்ளக் கொடுத்த பஞ்சை அவர்கள் சொன்ன நேரம்வரை எடுக்காதே. முதல் நாள் கொப்பளிக்காதே, எச்சிலைக் காறித் துப்பாதே. இளநீர் குடித்தால் டம்ளரில் ஊற்றிக் குடி, உறிஞ்சுகுழல் போட்டு இழுத்தால் கட்டி பெயர்ந்து வந்துவிடும். ஆறிய கஞ்சி, குழைத்த தயிர்சாதம், காரமில்லாத ரசம்சாதம் போதும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புநீரை வாயில் வைத்து மெல்லச் சாய்த்து விடு. குறைந்துகொண்டே வந்த வலி மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ திடீரென்று கூடி, காதுவரை இழுத்து, வாயில் துர்நாற்றமும் அடித்தால் அது டிரை சாக்கெட்டாக இருக்கலாம். லேசரையோ மாத்திரையையோ நம்பி வீட்டில் இருக்காமல் உடனே போய்க் காட்டு. காய்ச்சல் வந்தாலும், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானாலும் இரவென்று பார்க்காதே.

தையல் பிரிக்கும் நாளில், மூன்று விரலும் நுழைகிறதா என்று கண்ணாடி முன் நின்று பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
சித்தப்பா